கம்பி சொன்ன மூன்று எண்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம், அதாவது 1938 மார்ச்சில், சிங்கப்பூரில் ஒரு வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். படிக்கப் போகவில்லை, மழைக்கு ஒதுங்கினேன். மேஜைமேல் கிடந்த பழைய இன்ஜினியரிங் சஞ்சிகை ஒன்றைச் சும்மா புரட்டினேன். அதில் ஒரு பக்கம். இரும்பை அம்மோனியா வாயுவில் சூடாக்கினால் அதன் உள்ளமைப்பு என்ன ஆகும், அதில் மின்சாரம் ஓடுவதற்கு உள்ள தடை எப்படி மாறும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். மழை விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

படித்தவுடன் கதை எழுதத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். யார் கண்ணிலும் படாமல் எங்காவது போய்விடத்தான் தோன்றியது. கதை என்கிற எண்ணம் வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து வந்தது. அதுகூட ஒருவகையில் ஒளிந்துகொள்ளும் எண்ணம்தானோ என்று இதை எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது.

என் பெயர் நஜ்முதீன். ஜோகூரில் தந்திக் கம்பிகளைச் சோதிக்கிற வேலை. இருபது மைல் நீளக் கம்பியில் எங்கே பழுது என்பதை ஒரு முனையில் உட்கார்ந்து கருவியை வைத்தே சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்று ஊரில் பேச்சு. இதற்கு முன் நான் கதை எழுதியதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கூலாய்க்கு வடக்கே ரப்பர் மரங்களின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்—"

அடித்துவிட்டேன். அன்று பனி இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "தான் நாளைக்குச் சாகப்போவது ஐயாசாமிக்குத் தெரியாது." இதையும் அடித்தேன். செத்துப்போன மனிதரை வாசலில் நிறுத்திவைத்து வாசகரை உள்ளே இழுப்பது போல இருந்தது.

மூன்றாவது யோசனை என் மனைவி ரம்லாவுடையது. "நடந்தத நடந்தபடி சொல்லுங்களேன். யாரு, என்ன, எப்பன்னு. அதுக்கு எதுக்கு இத்தன காகிதம்?"

சரி. நடந்தபடி.

1934 ஆகஸ்ட் மாதம். கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், பெயர் வேண்டாம். மரத்திலிருந்து இறக்கிய பால் உறைந்துவிடாமல் இருக்கத் தோட்டத்து ஃபேக்டரியில் அதோடு அம்மோனியா கலப்பார்கள். அதற்காக வாயு நிரப்பிய இரும்பு சிலிண்டர்கள் எப்போதும் கிடக்கும். அந்த வருடம் ரப்பரைத் தகடாக்கும் உருளை இயந்திரத்தின் எஃகுப் பின்கள் (முளைகள்) சீக்கிரம் சீக்கிரமாகத் தேய்ந்தன. சீமையிலிருந்து புதியவை வர மூன்று மாதம் ஆகும். தோட்டத்து இன்ஜினியர் துரை விஷயம் தெரிந்தவர். மேல்நாட்டில் அப்போது பரவிவந்த ஒரு முறையை இங்கேயே செய்து பார்த்தார். பின்களை ஒரு கனத்த தட்டில் அடுக்கி, மூடிய இரும்புப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, பெட்டியை உலையில் ஐந்நூறு டிகிரி வரை சூடாக்கி, இரண்டு நாள் அம்மோனியாவை உள்ளே ஓடவிடுவது. அந்தச் சூட்டில் வாயு பிரியும். அதிலிருக்கும் நைட்ரஜன் எஃகின் தோலுக்குள் இறங்கிக் கல்லைப்போல ஆக்கிவிடும். பின்கள் நன்றாகவே வந்தன. அந்த மட்டில் துரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தட்டைப் பெட்டியின் மூடியிலிருந்து தொங்கவிட்டது நான்கு கொக்கிகள். எட்டாம் நம்பர் சாதா இரும்புக் கம்பியை வளைத்துச் செய்தவை. ஒவ்வொரு தடவையும் பின்கள் மாறின. கொக்கிகள் மாறவில்லை. பதினாலு தடவை அவையும் அந்த வாயுவில் வெந்தன. இதை யாரும் யோசிக்கவில்லை. துரையும் யோசிக்கவில்லை, கொக்கிகளைச் செய்த ஃபிட்டர் சதாசிவமும் யோசிக்கவில்லை.

சதாசிவத்துக்கு வயது இருபத்தாறு. அவருடைய அக்காள் வெள்ளையம்மா. வெள்ளையம்மாவின் கணவர்தான் ஐயாசாமி. அம்மோனியா சிலிண்டரின் வால்வைத் திறந்து மூடுவது ஐயாசாமியின் வேலை. ஆக, அந்தப் பெட்டியின் ஒரு பக்கம் மச்சினன், மறுபக்கம் மச்சான்.

அன்று காலை பத்து மணிக்கு உருளை இயந்திரம் நின்றுவிட்டது. புதுப் பின்கள் வேண்டும். பெட்டி ஆறட்டும் என்று காத்திருக்காமல் துரை மூடியைத் தூக்கச் சொன்னார். சதாசிவம் சங்கிலியை இழுத்தார். மூடி எழுந்தது, அதோடு தட்டும் எழுந்தது. ஒரு கொக்கி சுண்ணாம்புக் குச்சி போல முறிந்தது. பிறகு மற்ற மூன்றும். தட்டு விழுந்து வாயுக் குழாயை உடைத்தது; அம்மோனியா பீறிட்டது.

ஐயாசாமி வால்வுக்குப் பக்கத்தில் நின்றார். ஓடியிருக்கலாம். வால்வை முழுக்க மூடிய பிறகுதான் அவர் நகர்ந்தார் என்று எல்லோரும் சாட்சி சொன்னார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் மதியம் வரை உயிர் இருந்தது. பேச்சு இல்லை.

[ஓரக்குறிப்பு: தண்ணீர் ஊற்றியது சரியான காரியம். அம்மோனியா தண்ணீரில் கரையும். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று பேர் போயிருப்பார்கள். அதே தண்ணீர், தரையில் கொதிசூட்டோடு கிடந்த கொக்கித் துண்டையும் ஒரே நொடியில் குளிரவைத்தது. அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் நானே சொல்கிறேன்.]

3

துரை எழுதிக்கொடுத்த வாக்குமூலம்: ஃபிட்டர் ஸ்டோருக்குப் போகச் சோம்பல்பட்டு, வேலியிலிருந்த பழைய துருப்பிடித்த கம்பியில் கொக்கி செய்திருக்கிறான், அதனால் ஓர் உயிர் போயிற்று.

சதாசிவம் சொன்னது: ஸ்டோரில் இருந்த புதுச் சுருளிலிருந்து வெட்டியது.

அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று கொக்கிகள் குப்பையோடு போய்விட்டன. நாலாவதில் ஒரு சாண் துண்டு மட்டும் போலீஸ் கையில் இருந்தது. தண்ணீரிலும் ஈரத்தரையிலும் கிடந்ததால் அதன் மேலெல்லாம் செம்பழுப்பு ஏறிவிட்டது. பார்த்த எவரும் பழைய கம்பி என்றுதான் சொல்வார்கள்.

இனி வெள்ளையம்மா வரவேண்டும். இவரை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் பிரதியில் "அவள்" என்று எழுதியிருந்தேன், மாற்றிவிட்டேன். முதல் பிரதியில் கண்ணீரும் விடவைத்திருந்தேன். உண்மையில் அவர் அழவில்லை. நான்காம் நாள் காலை கூலாய் ஸ்டேஷனில் நான் கம்பி சோதித்துக்கொண்டிருந்தபோது, பிளாட்பாரத்தின் ஓரமாக வந்து, வேலை முடியும்வரை காத்திருந்து, பிறகு பேசினார். தந்திக் கம்பம் நடுகிற ஆட்கள் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"பாய், கம்பிய அறுக்காம அதுல நோவு எங்கன்னு சொல்ற ஆளு நீங்கதானே?"

"அது தந்திக் கம்பிக்கும்மா."

"கம்பி கம்பிதானே."

விஷயத்தைச் சொன்னார். சுருக்கமாகவே சொன்னார். நான் துக்கம் விசாரித்தேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எம் புருசன் செத்தது எந் தம்பி செஞ்ச தப்பாலயா இல்லையான்னு தெரியணும். கோர்ட்டுக்கு இல்ல. எனக்கு."

"தம்பி என்ன சொல்றாரு?"

"புதுக் கம்பின்னுதான் சொல்றான். அவன் பொய் சொல்ல மாட்டான்னு போன வாரம் வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன். இன்னிக்கு வாய் வரல."

"தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"புதுசுன்னா அவனுக்குச் சோறு எடுத்துக்கிட்டுப் போவேன். பழசுன்னா அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். நடுவுல நிக்க முடியல பாய். நாலு நாளா நடுவுல நிக்கிறேன்."

4

அன்று மதியமே அனுமதி கேட்டேன். விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: சாட்சிப்பொருளை வெட்டக்கூடாது, வளைக்கக்கூடாது, அரத்தால் தேய்க்கக்கூடாது. வளைத்துப் பார்க்கலாமென்றால் ஒரு நிமிட வேலை. நல்ல கம்பி வளையும், வெந்த கம்பி முறியும். அது முடியாது. கம்பிக்குக் கெடுதல் செய்யாமல் அதன் உள்ளே போய்வரக்கூடியது மின்சாரம் ஒன்றுதான்.

செய்தது இதுதான். போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் கொக்கித் துண்டையும், ஸ்டோரில் இருந்த புதுச் சுருளில் ஒரு சாண் துண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒரே பாட்டரியின் மின்சாரத்தை இரண்டிலும் ஓடவிட்டேன். பிறகு இரண்டு ஊசிகளை ஒரே இடைவெளியில் வைத்து முதலில் புதுக்கம்பியைத் தொட்டேன், அடுத்து கொக்கியைத் தொட்டேன். எந்தக் கம்பியில் தடை அதிகமோ அங்கே மின்சாரத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அதிகம் விலகும். புதுக்கம்பிக்கு நூறு என்று வைத்துக்கொண்டால் கொக்கிக்கு நூற்றுப் பத்தொன்பது.

[ஓரக்குறிப்பு: சூடு ஏறினாலே இரும்பின் தடை ஏறும். அதனால் இரண்டு கம்பியையும் ஒரே எண்ணெய்த் தொட்டியில் அரைமணி நேரம் போட்டு வைத்தேன். அன்று நான் கவனமாகத்தான் வேலை செய்தேன். இதைச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.]

நூற்றுப் பத்தொன்பது. கம்பிக்குள் ஏதோ ஆகியிருக்கிறது. ஆனால் என்ன? அதிகாரி கேட்ட கேள்வி நியாயமானது.

"துரு தின்றால் கம்பி மெலியும். மெலிந்தால் தடை கூடும். அப்படியானால் உமது எண் ஃபிட்டருக்கு விரோதமாக அல்லவா பேசுகிறது?"

கம்பியின் பருமனைத் திருகு அளவியால் அளந்தேன். மெலியவில்லை. "துருவின் பருமனையும் சேர்த்து அளக்கிறீர்" என்றார். அளவியை மூடி வைத்தேன்.

விசாரணை தள்ளிப்போயிற்று. மூன்றாவது வாரம் இன்னொரு முறை அளந்து பார்க்கக் கேட்டுக்கொண்டேன். அதே மேஜை, அதே ஊசிகள், அதே எண்ணெய். நூற்றுப் பன்னிரண்டு. இணைப்புகளைச் சுத்தம் செய்தேன், பாட்டரியை மாற்றினேன். நூற்றுப் பன்னிரண்டுதான்.

ஆறாவது வாரம், விசாரணையன்று காலை: நூற்று ஒன்பது.

வெள்ளையம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். "என்ன பாய் சொல்லுது?" என்று கேட்டார். "இன்னும் தெரியலம்மா" என்றேன். கையில் மூன்று எண்கள் இருந்தன. மூன்றும் வேறு வேறு. என் வேலையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அளந்தவன் சரியில்லை.

5 (முதல் வடிவம்)

"ஐயா!" என்றேன் நான், குரலை உயர்த்தி. "துருப்பிடித்த கம்பி கிடக்கக் கிடக்க இன்னும் கெடும். இந்தக் கம்பியோ கிடக்கக் கிடக்கத் தேறி வருகிறது. ஆகவே இதைக் கெடுத்தது துரு அல்ல!" மன்றம் அமைதியில் ஆழ்ந்தது. துரை தலை குனிந்தார். சதாசிவத்தின் கண்களில்—

இந்த இடத்தில் ரம்லா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அரிசி களைந்த கை; ஓரம் நனைந்துவிட்டது.

"இது யாரு பேசுறது?"

"நான்தான்."

"நீங்க இப்படிப் பேசினீங்களா?"

"கதையில."

"கதை இருக்கட்டும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட என்ன சொன்னீங்க? கருவி காலை வாரிடுச்சுன்னு சொன்னீங்க. அந்தம்மா சன்னல்லேர்ந்து ஏதோ சத்தம் போட்டாங்க, யாரும் கண்டுக்கலன்னு சொன்னீங்க. என்ன சத்தம் போட்டாங்கன்னு கேட்டேன். ஞாபகம் இல்லன்னுட்டீங்க."

நான் காகிதத்தின் நனைந்த ஓரத்தையே பார்த்தேன்.

"ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"இதா?" என்று 'நான்' பேசிய வரிகளின் மேல் விரலை வைத்தாள்.

"இதேதான். அவங்க வார்த்தையில."

ரம்லா காகிதத்தைக் கிழிக்கவில்லை. திரும்பக் கொடுத்தாள். "அப்ப அவங்க சொன்னத அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேலே உள்ளதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். என்ன திருடப் பார்த்தேன் என்பது தெரியட்டும்.

5 (மறுபடி)

நீளமான அறை. பெண்களுக்கு உள்ளே இடமில்லை. தாழ்வாரத்தில் சன்னலோரமாக நின்றார்கள். நான் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சதாசிவத்துக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்: கம்பியில் மின்சாரத்துக்கு உள்ள தடை முதலில் ரொம்ப அதிகமாக இருந்தது, பிறகு குறைந்தது, இன்று காலை இன்னும் குறைந்து புதுக்கம்பியை நெருங்கி வந்திருக்கிறது.

அதிகாரி மூன்று எண்களையும் எழுதிக்கொண்டார்.

"ஒரே கம்பி. ஒரே கருவி. ஒரே ஆள். மூன்று விடைகள். இதில் நான் எதை நம்பவேண்டும்?"

"தெரியவில்லை ஐயா."

"கருவியில் பழுதா?"

"இருக்கலாம் ஐயா."

இப்படித்தான் சொன்னேன். கருவியில் பழுதில்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வதைவிட இருக்கலாம் என்று சொல்வது அப்போது மரியாதையாகப் பட்டது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

அப்போதுதான் சன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க! துருவு புடிச்சது தன்னால நல்லாவுமா? கம்பி நல்லாகிக்கிட்டு வருதுன்னுல்ல அந்த பாய் சொல்றாரு! எங்க வீட்டுக் கத்தி துருவு புடிச்சா வச்ச எடத்துலயே நல்லாவுதா? கேளுங்களேன் யாராச்சும்!"

அதிகாரி நிமிர்ந்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "செத்தவனின் மனைவி ஐயா. புலம்புகிறாள்."

நான் சன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றேன். இரண்டு மொழியும் எனக்குத் தெரியும். அவர் கேட்டதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதற்கு விடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேள்வியைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ஏன்?

அவர் கேட்டது விவரம் புரியாத கேள்வி என்று நினைத்ததால். (இது பாதி உண்மை. காதில் விழுந்த நொடியில் எனக்குள் என்னவோ திடுக்கென்றது.)

வேலை போய்விடும் என்ற பயத்தால். (இல்லை. போயிருக்காது.)

பழுது இருக்கலாம் என்று இப்போதுதான் நான் ஒப்புக்கொண்டேன். அடுத்த மூச்சில் பால்வாளி கழுவுகிற ஒரு பெண்மணி அதே எண்களை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டார் என்று எல்லோர் முன்னிலையிலும்—

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நாலு நாளாக முடித்துப் பார்க்கிறேன்.

சதாசிவம் அதிகாரியைப் பார்க்கவில்லை, துரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அக்காளின் கேள்வி காதில் விழுந்திருந்தது.

ஆறு மாதம் சிறை. அதன்பின் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அக்காள் சிறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. கப்பலுக்கும் போகவில்லை. ஐயாசாமியின் வருடத் திவசம் முடிந்ததும் யோங் பெங் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

6

அந்தச் சஞ்சிகைப் பக்கத்தில் இருந்ததை என்னால் முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

சூட்டில் அம்மோனியாவிலிருந்து பிரியும் நைட்ரஜன் இரும்புக்குள் இறங்கும். மேல்தோலில் அது இரும்போடு சேர்ந்து வெளிறிய, கடினமான, எளிதில் நொறுங்கும் ஓர் அடுக்காகும். அதற்கும் உள்ளே, இரும்பின் அணுக்களுக்கு நடுவில் உள்ள இண்டு இடுக்குகளில் தனித்தனியாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். மின்சாரம் ஓடும் பாதையில் இவை எல்லாமே இடைஞ்சல். தடை கூடும். மெதுவாக ஆறவிட்டால் உள்ளே இருப்பவை ஒன்றுகூடி ஒதுங்கிவிடும். திடீரென்று தண்ணீரில் குளிரவைத்தால் ஒதுங்க நேரமில்லாமல் அங்கங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் அவை சும்மா இருப்பதில்லை. கம்பி சாதாரண வெப்பத்தில் மேஜைமேல் கிடந்தாலும், நாட்கள் போகப் போக, மாட்டிக்கொண்டவை மெல்ல நகர்ந்து ஊசிபோன்ற சின்னச் சின்னப் படிகங்களாகச் சேர்ந்துவிடும். பாதை கொஞ்சம் விடுபடும். தடை குறையும். முழுக்கக் குறையாது, மேல்தோல் அப்படியேதான் இருக்கும். கம்பியும் நொறுங்குகிற கம்பிதான். தடை மட்டும் இறங்கி, ஓர் அளவில் நிற்கும்.

நூற்றுப் பத்தொன்பது. நூற்றுப் பன்னிரண்டு. நூற்று ஒன்பது.

கருவி மூன்று முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. எந்த ஓர் எண்ணும் தனியாகச் சதாசிவத்தைக் காப்பாற்றியிருக்காது. அது குறைந்துகொண்டே வந்ததுதான் சாட்சி. வேலியில் துருவேறிய கம்பி அப்படி இறங்காது. வாயுவில் வெந்து தண்ணீரில் குளிர்ந்த கம்பிதான் இறங்கும். 1934இல் அந்த அறையில் இதைப் படிப்பில்லாமல் பிடித்தவர் ஒருவர் இருந்தார்.

7

போன ஞாயிற்றுக்கிழமை யோங் பெங் போனேன். கதையை முடிக்க ஒரு காட்சி வேண்டும் என்பதற்காகப் போனேனா, சொல்லவேண்டியதைச் சொல்வதற்காகப் போனேனா என்று பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டு போனேன். இறங்கும்வரை பதில் வரவில்லை.

பால் எடைபோடும் கொட்டகையில் வெள்ளையம்மா வாளிகளைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது.

"பாய்" என்றார். 

கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து சொன்னேன். வாயு உள்ளே போவதை, தண்ணீரில் மாட்டிக்கொள்வதை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குவதை. குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டார்.

"அப்ப துருவு இல்ல."

"இல்லம்மா. அந்தக் கம்பியக் கெடுத்தது அம்மோனியாதான். தம்பி போட்டது நல்ல கம்பி. அது அப்படி ஆகும்னு அவருக்கும் தெரியாது, துரைக்கும் தெரிஞ்சிருக்காது."

ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான் அன்னிக்கு இதத்தானே கேட்டேன்."

"ஆமாம்மா."

"நீங்க கிட்டக்கத்தானே நின்னீங்க."

"ஆமா."

"காதுல விழுந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அறையில் சத்தம் அதிகம், எத்தனையோ பேர் பேசினார்கள். நம்பத் தயாராகத்தான் என் முகத்தைப் பார்த்தார் என்று தோன்றியது.

"விழுந்துச்சு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொட்டகைக்கு வெளியே யாரோ மலாயில் லாரிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லல பாய். படிச்சவங்க அத்தன பேரு உக்காந்திருக்காங்க. ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. சரி, நாந்தான் கூறில்லாம கேட்டுட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் பழைய கம்பின்னே மனசுல வச்சுக்கிட்டேன். அதான் கப்பலுக்குப் போவல."

மன்னிப்புக் கேட்பதற்காக நான் தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. பஸ்ஸில் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவை இந்தக் கொட்டகைக்குள் வர மறுத்தன. "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் சொன்னேன். 

"காயிதம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன்.

"எழுதுங்க. தம்பி சதாசிவத்துக்கு அக்கா வெள்ளையம்மா எழுதிக்கொண்டது."

எழுதினேன். அடுத்த வரி வருவதற்குள் பேனாவின் மை காய்ந்து இரண்டு முறை உதறவேண்டியிருந்தது.

"நீ போட்டது நல்ல கம்பின்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். கப்பலுக்கு நான் வரல. அவ்வளவுதான் எழுதுங்க. ஏன் வரலன்னு எழுத வேணாம். அவனுக்குத் தெரியும்."

எழுதினேன். இன்னும் சில வரிகள் சொன்னார். அவை அக்காளுக்கும் தம்பிக்கும் உள்ளவை, இங்கே தரமாட்டேன். முடிந்ததும் காகிதத்தை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"கீழ எடம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அதுல நீங்க எழுதுங்க. நான் அன்னிக்குக் கேட்டது ஒங்க காதுல விழுந்துச்சுன்னு எழுதுங்க. விழுந்தும் நீங்க சொல்லலன்னு எழுதுங்க. ஒங்க பேரு போட்டு."

ஒரு மாதமாக எத்தனையோ வாக்கியங்களை எழுதி அடித்தவன் நான். இதை ஒரே மூச்சில், அடிக்காமல் எழுதினேன். படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இன்னொருக்கா படிங்க" என்றார்.

படித்தேன். காகிதத்தை வாங்கி அவரே மடித்தார்.

8

கடிதம் போய்விட்டது. சதாசிவம் எங்கே இருக்கிறார் என்று சரியாகத் தெரியாது. மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊர்ப்பெயரை வெள்ளையம்மா சொன்னார். அந்தப் பெயருக்குத்தான் போட்டோம். பதில் வர இன்னும் நாளாகும். வராமலும் போகலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. இந்த வாரத்துக்குள் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சதாசிவம் மன்னித்து எழுதுகிறார். அது எழுதும்போது மிக நன்றாக வந்தது, அதனாலேயே சந்தேகப்பட்டேன். இன்னொன்றில் "விலாசதாரர் இல்லை" என்ற முத்திரையோடு கடிதம் திரும்பி வருகிறது, வெள்ளையம்மா அதை உடைக்காமல் பெட்டியில் வைக்கிறார். மூன்றாவதில் சதாசிவமே கப்பலேறி வந்துவிடுகிறார். யோங் பெங்கில் பஸ்ஸைவிட்டு இறங்கி—

ரம்லா மூன்றையும் படித்தாள்.

"வராத கடுதாசிய நீங்க எழுதாதீங்க" என்றாள்.

எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. சதாசிவம் என்ன சொல்லவேண்டும் என்பதை நான் தீர்மானிக்கமாட்டேன். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கலாம். நீங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறீர்கள். கிட்டத்தட்ட நாலு வருடம் கழித்து அக்காளிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை. அக்காள் சொல்லியிருப்பதைப் படிக்கிறீர்கள். நிறுத்தி, மறுபடி படிக்கிறீர்கள். பிறகு கண் கீழே இறங்குகிறது. அங்கே அதே கையெழுத்தில் இன்னொருவன், தன் பெயரைப் போட்டு, ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறான்.

பதில் எழுதுவீர்களா? எழுதுவதானால், இரண்டு பேரில் யாருக்கு?